ஐப்பசியில் பார்த்த நிலம்

மாயழகு ஒவ்வொரு ஆட்டின் பக்கத்திலும் போய்க் குந்தி அதன் காதைத் தொட்டுப் பார்த்தார். உளுந்து வயலில் இருபத்து மூன்று செம்மறிகள் செத்துக் கிடந்தன. மாசிப் பனி இன்னும் காயவில்லை. சில ஆடுகளின் வாயோரத்தில் நுரையும், நுரையில் ஒட்டிய பச்சை இலையும் இருந்தன.

“இது நம்மளுது” என்றார். அடுத்ததற்குப் போனார். “இதுவும் நம்மளுது.” அதற்கடுத்த ஆட்டில் கை நின்றது. காதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இது பஞ்சவர்ணத்தோடது தாயி.”

பஞ்சவர்ணம் அவருடைய மகள். அவளுக்குச் சீர் கொடுப்பதற்காகவே கிடையில் சில ஆடுகளை ஒதுக்கி, இடது காதின் நுனியை வெட்டி அடையாளம் வைத்திருந்தார். வைகாசியில் கல்யாணம். நான், நேரில் பார்த்ததை எழுதிக் கையெழுத்து வாங்கும் மகஜர் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வரப்பில் நின்றேன். “மொத்தம் எத்தனைங்க?” என்று கேட்டேன். கிராம நிர்வாக அலுவலர் கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்த நேரத்தில் அதைக் கேட்ட என் வாயை இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

தாலுகா ஆபீஸ் மாடிப்படியில் ஃபைலோடு உருண்டு விழுந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துச் சிரித்ததாகச் சிலர் போன் செய்தீர்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த கதை இது.

மீன் வாசனை அடித்த கிடை

சிதம்பரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் சில வருடங்கள் வி.ஏ.ஓ.வாக இருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நான் கடற்கரைக்காரி. முதுநகருக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமம் எங்களுடையது. வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். ஆடு மாடு விஷயத்தில் நான் பூஜ்யம். முதல் தை மாதம், தார்ச்சாலை முழுக்க அடைத்துக்கொண்டு முந்நூறு செம்மறிகள் வந்தபோது, ஸ்கூட்டியை ஓரம் கட்டி வாயைப் பிளந்து நின்றவள் நான்.

முன்னால் தோளில் துரட்டியோடு வந்தவர்தான் மாயழகு. ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி. கிடைக்குத் தலைவராக இருப்பவரைக் கீதாரி என்பார்கள். அவர் தகப்பனார் காலத்திலிருந்தே வருஷா வருஷம் இந்த ஊருக்கு வந்துபோகிறவர்கள்.

“யாரு, புது கணக்கப்புள்ளையா? பொம்பளப் புள்ளையா இருக்கு!” என்றார்.

“கணக்குப்பிள்ளை எல்லாம் அந்தக் காலம். நான் வி.ஏ.ஓ.” என்றேன் விறைப்பாக.

“சரிதான் தாயி. ரெண்டு பேரும் எழுதத்தான செய்வீங்க.”

அவர்கள் வரும் கணக்கு இப்படி. எங்கள் பக்கத்தில் சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்பே, நெல் நிற்கும்போதே, ஈரத்தில் உளுந்தை விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்தெடுத்த பிறகு அடியில் உளுந்து நிற்கும். ஆகவே தையிலும் மாசியிலும் ஆடு வயலில் கால் வைக்கக் கூடாது. அதுவரை ஊருக்கு மேற்கே இருந்த மேய்க்கால் புறம்போக்கில், அதாவது மேய்ச்சலுக்கென்று சர்க்கார் விட்டு வைத்த பொது நிலத்தில், மேயும். பங்குனியில் உளுந்து பிடுங்கியதும் வயல்களில் கிடை போடுவார்கள். வயலில் வலை கட்டி ஆடுகளை இராத்தங்க வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்பார்கள். ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

முதல் கிடை எப்போதும் கலியமூர்த்தி வயலில்தான். அது யாரும் எழுதி வைக்காத வழக்கம். கலியமூர்த்திக்கு நாலு ஏக்கர். வாயும் கொஞ்சம் நீளம். மாயழகை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார், அவர் இவரை ‘மாப்ள’ என்பார். சாதியும் வேறு, சீமையும் வேறு. எப்படி மாமன் ஆனார் என்று கேட்டால், “எங்கப்பாவுக்கு அவுரு அப்பா மச்சான்மா. அப்ப எனக்கு இவுரு மாமாதான?” என்பார் கலியமூர்த்தி. அதற்குமேல் கேட்டால் அவருக்கே தெரியாது.

ஒரு வருஷம் கிடை வலை எலி கடித்து நைந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். கழித்துப் போட்ட பழைய நைலான் வலையை மூன்று மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டர் என்னை ஏற்றவே யோசித்தார். கிடையில் அதைக் கட்டிய முதல் நாள், மீன் வாசனை பிடிக்காமல் ஆடுகளெல்லாம் நடுவில் ஒடுங்கி நின்றன. “என்னா மாமா, ஒங்க ஆடெல்லாம் சைவமா?” என்று கலியமூர்த்தி கேட்டார். மாயழகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஆனியில் கிளம்பும்போது அந்த வலையை என் ஆபீஸில் போட்டுவிட்டுப் போவார். கனமான வலை, திரும்ப வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு. ஆபீஸ் என்றால் ஓடு உடைந்த ஒற்றை அறை. மழைக்காலத்தில் தரை சில்லென்று ஊறிக் கிடக்கும். வலை மூட்டையை மேஜைக்கு அடியில் தள்ளி அதன்மேல் காலை வைத்துக்கொள்வேன். கதகதப்பாக இருக்கும்.

அப்பா திட்டிய அதிகாரி

வலை என்றதும் அப்பா ஞாபகம் வருகிறது. அவரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் படகு இழுத்துப் போடவும் வலை உலர்த்தவும் கருவாடு காயவும் ஒரு நீண்ட மணல் திட்டு இருந்தது. இப்போது அங்கே ஒரு காம்பவுண்டு சுவர் இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அது கைமாறியது. எந்த அதிகாரி வந்து பார்த்தார், என்ன எழுதினார் என்பதெல்லாம் அப்பாவுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் பெயர்கூட அப்பாவுக்குத் தெரியாது. பெயர் தெரியாத அந்த மனிதரை அப்பா வாழ்நாள் முழுக்கத் திட்டினார்.

“எல்லாரும் தொழிலுக்குப் போன நேரத்துல வந்துருக்கான். கரையில ஒரு படகு இல்ல, ஒரு வல இல்ல. காலியா கெடக்குதுன்னு எழுதிகினு போயிட்டான். ஒரு நாழி குந்தியிருந்தா படகு எல்லாம் வந்து சேந்துருக்கும்ல?”

எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்த அன்று அம்மா கேசரி கிண்டினாள். அப்பா கேசரியைத் தொடவில்லை. அவருக்கு இனிப்பு ஆகாது. என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

“நீயாவது குந்திப் பாத்துட்டு எழுது.”

பெரிய புத்திமதியாக எனக்கு அப்போது தோன்றவில்லை. சரிப்பா, என்று தலையாட்டிவிட்டுக் கேசரி தின்றேன்.

ஒரு வரி

மூன்று நான்கு வருடம் கழித்து ஒரு ஐப்பசி. மேய்க்கால் புறம்போக்கில் அரசு நெல் கிடங்கு கட்டலாமா என்று மேலிடத்திலிருந்து கேட்டு வந்தது.

ஊரில் அதற்கு எதிர்ப்பே இல்லை. இருக்கவும் முடியாது. முந்தைய வருஷம் அறுத்த நெல்லைக் களத்தில் கொட்டிவைத்து, கொள்முதலுக்குக் காத்திருந்து, மழையில் நனைந்து முளைவிட்டதை எல்லோரும் பார்த்திருந்தோம். கலியமூர்த்தி தார்ப்பாயைத் தூக்கிக் காட்டி, “பாருங்கம்மா, நெல்லு நாத்து உட்டுருக்கு. இத எங்க கொண்டுபோய் நடுறது?” என்று கேட்டது எனக்கு மறக்காது. கிடங்கு வேண்டும் என்று மனு கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

மேய்ச்சல் நிலத்தை வேறு காரியத்துக்கு எடுத்தால் மேய்ச்சலுக்கு மாற்று இடம் காட்டவேண்டும் என்பார்கள். மாற்று இடம் எங்கே இருக்கிறது? தேடினால் வருஷம் ஓடிவிடும். ஆனால் நிலம் மேய்ச்சலுக்குப் பயன்படவில்லை என்று கீழிருந்து அறிக்கை போனால் அந்தத் தொல்லை இல்லை. இதை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. “சீக்கிரம் அனுப்புங்கம்மா, ஜாஸ்தி இழுக்காதீங்க” என்று மட்டும் போன் வந்தது.

குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ரோட்டில் நின்றபடியேதான். நிலம் முழுக்கத் தண்ணீர். இரண்டு கொக்கு நின்றன. ஊர் மாடுகள் டிராக்டர் வந்த காலத்திலேயே பாதிக்குமேல் விற்றுப்போயிருந்தன, இருக்கிற பத்து இருபதும் வீட்டுக்கொல்லையில் வைக்கோல் தின்றன. அடங்கலைப் புரட்டினேன். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று நாங்கள் வருஷா வருஷம் எழுதும் கணக்கு அது. அதில் வேறு மாவட்டத்திலிருந்து தையில் வந்து ஆனியில் போகிற ஆட்டுக்குக் கட்டம் கிடையாது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அதிலும் கிடையாது.

‘மேற்படி நிலம் தற்போது மேய்ச்சலுக்குப் பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

முள்கம்பி

அடுத்த தையில் மாயழகு வந்தபோது நிலத்தைச் சுற்றி சிமெண்டுத் தூண் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. நேராக ஆபீசுக்கு வந்தார். கோபமாக வரவில்லை. வழி மாறி வந்துவிட்டவர் போல வந்தார்.

“தாயி, நம்ம மேய்க்கால்ல யாரோ வேலி போட்டுருக்காகளே?”

கிடங்கு வருகிறது என்றேன். நல்லதுதான், நெல்லு நனையாது என்றார். பிறகு மெல்லக் கேட்டார்.

“பங்குனி வரைக்கும் ஆட்ட எங்கிட்டு நிறுத்துறது?”

மேலே எழுதிக் கேட்கிறேன் என்றேன். எழுதவும் செய்தேன். பதில் வரவில்லை. திரும்பிப் போகவும் அவருக்கு வழியில்லை. வழியெல்லாம் உளுந்து. சினை ஆடுகள் வேறு. கலியமூர்த்திதான், “வாய்க்கா கரையில ஓட்டிக்க மாமா. உளுந்துல மட்டும் எறங்காம பாத்துக்க” என்று சொன்னார்.

வாய்க்கால் கரை என்பது இரண்டு ஆள் அகலம். இரண்டு பக்கமும் பச்சைப்பசேலென்று உளுந்து. நடுவில் பசித்த முந்நூறு ஆடு. சோற்றுப் பானையைத் திறந்து வைத்துவிட்டுப் பிள்ளையிடம் தொடாதே என்று சொன்ன மாதிரிதான்.

முதல் தடவை பத்து ஆடு கலியமூர்த்தி வயலில் இறங்கியது. சிரித்துக்கொண்டே விரட்டினார். இரண்டாம் தடவை பக்கத்து வயல்களிலும் இறங்கியது. ஊரில் எல்லோரும் கலியமூர்த்தியைப் பிடித்துக்கொண்டார்கள். “ஒன் மாமன் ஆடுதான? நீதான வாய்க்கா கரையில உட்ட?” டீக்கடையில் அவருக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் தடவை கலியமூர்த்தி வயலில் கால் பங்கு உளுந்து மொட்டையாகிவிட்டது. அன்றைக்கு அவர் வரப்பில் நின்று கத்தியது ரோடு வரைக்கும் கேட்டது.

“யோவ் கீதாரி!”

மாமா இல்லை. கீதாரி. மாயழகு அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பட்டம் அவருக்குப் புதிதல்ல, ஊரெல்லாம் அப்படித்தான் கூப்பிடும். அந்த வாயிலிருந்து வந்துதான் அவர் கேட்டதில்லை.

வேலியே பயிரை மேய்ந்தது என்று பழமொழி சொல்வோம். இங்கே ஒரு வேலி வந்து, மாமனையும் மாப்பிள்ளையையும் பயிருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நிறுத்திவிட்டது.

நாலு துண்டுத் துணி

மாசிமகம் நெருங்கியிருந்தது. ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படும் நாட்கள். ஊர் பாதி அந்தப் பேச்சில் இருந்தது. காலையில் தலையாரி ஓடிவந்து, “கலியமூர்த்தி வயல்ல ஆடெல்லாம் உழுந்து கெடக்குதும்மா” என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் உளுந்துக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தார் கலியமூர்த்தி. மருந்தடித்த வயல் என்றால் நாலு மூலையிலும் குச்சி நட்டுப் பழைய துணி கட்டிவைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். துணியைப் பார்த்தால் எந்த மேய்ப்பரும் அந்தப் பக்கம் ஆட்டை விடமாட்டார். அன்றைக்கு அந்த வயலில் துணி இல்லை.

“துணி இருக்கான்னு பாத்தேன் தாயி” என்றார் மாயழகு. மகளுடைய ஆட்டின் காது இன்னும் அவர் கையில் இருந்தது. “இல்ல. ரெண்டு நாளாப் பட்டினி. ஒரு வாய் கடிச்சிட்டுப் போகட்டும்னு நானும் கொஞ்சம் அசந்துட்டேன். என் தப்பும் இருக்கு.”

கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். போலீஸில் எழுதிக் கொடுக்கச் சொன்னோம். மாயழகு தலையை ஆட்டி மறுத்துவிட்டார். “கேசுன்னா நான் கோர்ட்டுக்கு அலையணும். மிச்ச ஆட்ட யாரு பாக்குறது?”

கலியமூர்த்தி மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மகஜரில் கையெழுத்து வாங்கப் போனேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே பேசினார்.

“துணி கையிலதாம்மா இருந்துச்சு. ஊட்டுக்காரி பழைய பொடவையக் கிழிச்சுக் குடுத்தனுப்புனா. நாலு துண்டு. இடுப்புல சொருவிகினு வந்தேன். மருந்தடிச்சுட்டு அப்படியே ஊட்டுக்குப் போயிட்டேன்.”

“மறந்துட்டீங்களா?”

அவர் என் அட்டையைப் பார்த்தார்.

“மறந்துட்டேன்னு சொன்னா அப்படியே எழுதிப்பீங்க, இல்ல?”

நான் பேனாவை மூடினேன்.

“மறக்கலம்மா” என்றார். லுங்கி மடிப்பிலிருந்து அந்தத் துண்டுகளை எடுத்தார். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட புடவை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். “ரெண்டு ஆடு சொணங்கி உழுந்தா, பயந்துகினு ஓட்டிகினு போயிடுவாருன்னு நெனச்சேம்மா. இத்தினி சாவும்னு நெனைக்கல. பஞ்சவர்ணத்தோடது எத்தினி?”

ஆறு என்றேன்.

‘பூச்சிமருந்து தெளிக்கப்பட்ட பயிரை மேய்ந்ததால் இறந்தன’ என்று மகஜர் எழுதினேன். துணியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பொய் எழுதவில்லை. எழுதாமல் விட்டேன். அதற்குள் அந்த வித்தை எனக்கு நன்றாகக் கைவந்திருந்தது.

எழுத்துக் கூட்டிப் படித்தார்

மறுநாள் ஒரு லாரி பிடித்தார்கள். சினை ஆடுகளையும் குட்டிகளையும் அதில் ஏற்றினார்கள், மற்றதை நடத்தியே கொண்டுபோவதாக ஏற்பாடு. வலை அவர்களோடு போயிற்று. கிளம்புவதற்கு முன் மாயழகு ஆபீசுக்கு வந்தார். கும்பிட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“மேய்க்கால எடுக்குறதுக்கு ஒரு காயிதம் போயிருக்கும்ல தாயி. அத நான் பாக்கலாமா?”

காட்டாமல் இருந்திருக்கலாம். ஃபைல் தாலுகாவில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஆபீஸ் நகலை எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றும் தெரியவில்லை. திட்டு வாங்கவேண்டும் என்று இருந்ததோ என்னவோ.

அவர் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘பயன்பாட்டில் இல்லை’ என்ற இடத்தில் விரல் நின்றது. திரும்ப ஒருமுறை முதலிலிருந்து படித்தார். கீழே என் கையெழுத்தையும் பார்த்தார்.

“இது எந்த மாசம் பாத்தது?”

“ஐப்பசி.”

அவர் முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அப்பச் சரிதான் தாயி. ஐப்பசியில நாங்க எங்க ஊருலதான இருப்போம்? ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?” காகிதத்தை மடிக்காமல் பத்திரமாக மேஜைமேல் வைத்தார். “நீங்க பாத்ததத்தான எழுதியிருக்கீக. ஒங்க மேல தப்பு இல்ல.”

போய்விட்டார். கலியமூர்த்தி ரோட்டோரம் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மாயழகு அவரைப் பார்க்காமல் போகவில்லை. பார்த்தார். “வரேன்” என்று மட்டும் சொன்னார். மாப்ள என்று சொல்லவில்லை.

அடுத்த தையில் அவர் வரவில்லை. அதற்கடுத்த தையிலும் வரவில்லை. எனக்கு மாற்றல் வந்தபோதும் கம்பிக்குள் கிடங்கு வந்திருக்கவில்லை. ஆளுயரத்துக்குச் சீமைக்கருவேல் வந்திருந்தது. கலியமூர்த்தி இப்போது வயலுக்கு மூட்டை உரம்தான் போடுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது. கடலுக்குப் போவதில்லை. நான் போகும்போதெல்லாம், “அந்த ஆட்டுக்காரரு வந்தாரா? வல தாங்குதாமா?” என்று கேட்பார். தாங்குதாம்பா என்பேன். கரையைக் காலி என்று எழுதிய அந்த அதிகாரியைப் பற்றி அப்பா மறுபடி ஆரம்பித்தால், எழுந்து உள்ளே போய்விடுவேன்.

அந்த அதிகாரிக்காவது ஒன்று சொல்லலாம். அவர் வெளியூர்க்காரர். படகுகள் திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியாமல்கூட இருந்திருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை.

அந்த ஐப்பசி நாளில் மழை விடாமல் பெய்தது. நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஈரச் செருப்பைக் கழற்றிப் போட்டு, மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். தரை சில்லென்று இருந்தது. வழக்கம்போலக் காலைத் தூக்கி மேஜைக்கு அடியில் கிடந்த மாயழகின் வலைமேல் வைத்துக்கொண்டுதான், அந்த நிலத்தில் யாரும் ஆடு மேய்ப்பதில்லை என்று எழுதினேன்.